ராணி மங்கம்மாள் மாளிகை முதல் ஏ.சி. அரங்கம் வரை: தமுக்கத்தின் கதையும் இடம் தேடும் நாடகமும்

மதுரை,

தமுக்கம் என்றதும் மதுரைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது சித்திரைப் பொருட்காட்சி. ராட்டினம், டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையின் பெயரை மைக்கில் கூப்பிடும் சத்தம். அதனால் தமுக்கம் என்பது ஒரு மைதானத்தின் பெயர் என்றே பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

உண்மையில் அது மைதானத்தின் பெயர் இல்லை. ஒரு கட்டடத்தின் பெயர். அந்தக் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. நாம்தான் அதை 'காந்தி மியூசியம்' என்று கூப்பிடுகிறோம்!

அரண்மனையாக இருந்து, வெள்ளைக்காரர் பங்களாவாக மாறி, கடைசியில் மியூசியம் ஆனது மாளிகை. அதன் எதிரே இருந்த வெட்டவெளியோ வேடிக்கை பார்க்கும் திடலாக இருந்து, பொருட்காட்சி மைதானமாகி, இப்போது ஏ.சி. மாநாட்டு மையம் வரை வந்துவிட்டது. இந்த இடத்தில் ஒரு நாடக வாத்தியாருக்கும் சிலை இருக்கிறது. அவர் வளர்த்த நாடகத்துக்கு மட்டும் மதுரை டவுனுக்குள் சொந்தக் கூரை இன்னும் அமையவில்லை. இதுபற்றிய விவரம் வருமாறு:-

ராணி பார்த்த வேடிக்கை

தமுக்கம் மாளிகை சுமார் 1670-ம் ஆண்டு கட்டப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்பது எல்லோரும் அறிந்தது. இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. மங்கம்மாள் தன் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1689-ல்தான். 1670-ல் நாட்டை ஆண்டவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர். ஆகவே அந்த வருஷக் கணக்கு சரி என்றால், மாளிகை எழுந்தபோது மங்கம்மாள் ஆளும் ராணி அல்ல, ராஜாவின் மனைவி.

அந்த சமயத்தில் தலைநகரமும் மதுரையில் இல்லை. சொக்கநாதர் அதை திருச்சிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். போனவர் சும்மா போகவில்லை. தாத்தா திருமலை நாயக்கர் கட்டிய மகாலின் பெரும்பகுதியைப் பிரித்து, அதன் வேலைப்பாடுகளை திருச்சி அரண்மனைக்குக் கொண்டு போனார் என்கிறது வரலாறு. இன்று நாம் பார்க்கும் மகால், மிச்சம் இருந்ததுதான். அதையும் வெள்ளைக்கார கவர்னர் நேப்பியர் 1860-70களில் பழுது பார்த்ததால் தப்பியது. மதுரையில் பெரிய கட்டடத்தைப் பிரித்து விற்பது ஏதோ தியேட்டர் காலத்தில் வந்த பழக்கம் என்று நினைத்தால் தப்பு. மூணரை நூற்றாண்டுக்கு முந்தைய பழக்கம் இது.

ராஜா பேட்டை திருச்சி, ராணிக்கு மதுரையில் வைகைக்கு வடகரையில் ஒரு காற்றோட்டமான மாளிகை. அப்போது அது ஊருக்கு வெளியே. கோட்டைச் சுவர், கூட்டம், புழுக்கம் எல்லாம் ஆற்றுக்கு தெற்கே. வடக்கே தல்லாகுளமும் மரங்களும்தான். உயரமாக மேடைபோல் எழுப்பிய மாளிகை என்பதால் மேலே உட்கார்ந்தால் எதிரே உள்ள திடல் முழுக்க கண்ணுக்குத் தெரியும். அந்தத் திடலில் யானைச் சண்டை, விலங்குகள் மோதல், வீர விளையாட்டு எல்லாம் நடக்கும். ராணியும் அரண்மனைப் பெண்களும் மேலிருந்து பார்ப்பார்கள்.

ஆக, மதுரையின் முதல் 'பால்கனி சீட்' தமுக்கத்தில்தான் என்றுகூட வேடிக்கையாகச் சொல்லலாம். மேலே ராணி, கீழே தரையில் ஜனங்கள், நடுவே வேடிக்கை. பின்னாளில் வந்த நாடகக் கொட்டகையும் சினிமா தியேட்டரும் இந்த ஏற்பாட்டைத்தானே வைத்துக் கொண்டன!

இன்னொரு பொருத்தமும் உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டு தடையை எதிர்த்து மதுரை இளைஞர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்ததும் இதே தமுக்கத்தில்தான். ராணி காலத்து திடலில் முன்னூறு வருஷம் கழித்து மாட்டுக்காக கூட்டம் கூடியது.

பங்களாவான அரண்மனை

நாயக்கர் ஆட்சி 1736-ல் முடிந்தது. மாளிகை ஆற்காடு நவாப் தரப்புக்குப் போய், அங்கிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. கம்பெனி அதிகாரிகளுக்கு வசிக்க நல்ல இடம் வேண்டும். உயரமான, காற்று வரும் கட்டடம் கிடைத்தால் விடுவார்களா? அரண்மனை அதிகாரிகள் பங்களாவாக மாறியது.

ஒரு வகையில் இதுதான் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. ஆள் குடியிருக்கிற வீட்டுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்கள், ஒழுகினால் ஓடு மாற்றுவார்கள். யாரும் குடியிருக்காத கட்டடம்தான் முதலில் விழும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் தமிழக அரசு இந்த மாளிகையையும் சுமார் 13 ஏக்கர் நிலத்தையும் காந்தி நினைவு நிதிக்குக் கொடுத்தது. 1959 ஏப்ரல் 15-ந் தேதி பிரதமர் நேரு வந்து காந்தி நினைவு அருங்காட்சியகத்தை திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த, ரத்தக்கறை படிந்த துணி இங்கேதான் இருக்கிறது. 1921 செப்டம்பரில் மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் அவர் சட்டை, தொப்பியை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த ஊரிலேயே அவரது கடைசித் துணியும் வந்து சேர்ந்தது.

மாளிகை மியூசியமானது. எதிரே இருந்த வெட்டவெளி, பொதுமக்கள் மைதானமாக நின்றது.

கூட்டம் கூடிய மைதானம்

அதன்பிறகு தமுக்கத்தில் நடக்காத விழா கிடையாது. 1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' வெற்றி விழா மதுரையில் பெரும் கூட்டத்தோடு நடந்ததும், மதுரை முத்து அவருக்கு தங்க வாள் கொடுத்ததும் பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் கதை. 1981 ஜனவரியில் அதே எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்து மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். தமுக்கம் வாசலில் நிற்கும் தமிழன்னை சிலை அந்த மாநாட்டின் அடையாளம்.

சித்திரைத் திருவிழா வந்தால் அரசுப் பொருட்காட்சி. அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த கிராமத்து ஜனங்கள், எதிர்சேவை முடிந்து அப்படியே தல்லாகுளத்திலிருந்து பொருட்காட்சிக்குள் நுழைவார்கள். மாலையானால் கலையரங்கில் கரகாட்டம், பாட்டுக்கச்சேரி, நாடகம். நுழைவுச் சீட்டு வாங்கிவிட்டால் நாடகத்துக்கு தனி டிக்கெட் கிடையாது. மூட்டை தூக்கும் தொழிலாளியும் கடைக்காரரும் ஒரே தரையில் உட்கார்ந்து வள்ளி திருமணம் பார்க்க முடிந்தது அங்கேதான்.

சிலையாக நிற்கும் வாத்தியார்

தமுக்கத்தில் ஒரு சிலை இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் பலர் யாரோ தலைவர் என்று நினைத்துக் கொள்வார்கள். அவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படுபவர்.

தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867 செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தவர். உப்பளத்தில் கணக்கு வேலை பார்த்தார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார். எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்களில் வெளுத்து வாங்கினார். அவருடைய சனீஸ்வரன் வேஷத்தைப் பார்த்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு அதிர்ச்சியில் கரு கலைந்ததாகவும், அந்த வருத்தத்தில் வேஷம் போடுவதையே அவர் விட்டுவிட்டதாகவும் நாடகக்காரர்கள் மத்தியில் ஒரு கதை உண்டு. பிறகு எழுதுவதிலும் பயிற்சி கொடுப்பதிலும் இறங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா என்று நாற்பதுக்கும் மேலே நாடகங்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்பார்கள்.

1918-ல் அவர் மதுரையில் ஆரம்பித்ததுதான் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'. முழுக்க சிறுவர்கள் நடிக்கும் கம்பெனி. டி.கே.சண்முகம் சகோதரர்கள் இதில் சேர்ந்துதான் தொழில் படித்தார்கள்.

சிறுவர்கள் ஏன்? காரணம் சுவாரஸ்யமானது. பெரிய நடிகர்கள் சம்பளத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு நாடகத்துக்கு வராமல் போவார்கள். தண்ணி போட்டுவிட்டு மேடையில் வசனத்தை மாற்றிப் பேசுவார்கள். ஒரு ராஜபார்ட் கோபித்துக்கொண்டு போனால் அன்றைய வசூல் காலி. சிறுவர்கள் என்றால் கம்பெனி வீட்டிலேயே தங்க வைத்து, சோறு போட்டு, காலையில் பாட்டு, மத்தியானம் வசனம், ராத்திரி நாடகம் என்று கட்டுக்குள் வைக்கலாம். சோற்றுக்கு வழியில்லாத வீடுகளில் பிள்ளையை கம்பெனியில் விட்டால் ஒரு வயிறு குறைந்தது என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அதைக் குழந்தைத் தொழிலாளர் என்போம். அன்றைக்கு அதுதான் நாடகப் பள்ளிக்கூடம்.

மதுரைப் பெயருக்கு அப்போது அப்படி ஒரு மவுசு. எம்.ஜி.ஆரும் அவர் அண்ணன் சக்கரபாணியும் சின்ன வயதில் சேர்ந்தது 'மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி'. சிவாஜி கணேசன் சேர்ந்தது 'மதுரை ஸ்ரீ பாலகான சபா'. தமிழ் சினிமாவை ஆண்ட இரண்டு பேருமே மதுரை பெயர் வைத்த நாடகக் கம்பெனியில் இருந்து கிளம்பியவர்கள் என்பது இன்றைய ரசிகர்களில் பலருக்குத் தெரியாது.

சுவாமிகள் 1921-ல் பக்கவாதத்தால் படுத்தார். 1922 நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். நினைவு நாள் வந்தால் நாடகக் கலைஞர்கள் கூடி தமுக்கம் சிலைக்கு மாலை போடுகிறார்கள்.

கீற்றுக் கொட்டகை காலம்

இத்தனை பெரிய நாடகம் எங்கே நடந்தது? கல் கட்டடத்தில் இல்லை. கீற்றுக் கொட்டகையில்.

நாடகக் கம்பெனி ஊருக்கு வந்தால் முதலில் இடம் பிடிப்பார்கள். மூங்கில், சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று. ஒரு பக்கம் மேடை, பின்னால் தெரு, அரண்மனை, காடு என்று வரைந்த சீன் படுதாக்கள். முன்னால் சேர், நடுவில் பெஞ்ச், கடைசியில் தரை டிக்கெட். வெளிச்சத்துக்கு கேஸ் விளக்கு. மைக் கிடையாது. மேடையில் பாடுவது கடைசி தரை டிக்கெட்காரன் காதில் விழ வேண்டும். அதனால்தான் அந்தக் காலத்து நடிகர்கள் உச்சக் குரலில் பாடினார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல் பேர் வாங்கியது சங்கீதத்துக்காக மட்டும் இல்லை, கொட்டகையின் கடைசி வரைக்கும் போனதாலும்தான்.

ஓரிரு மாதம் ஆடுவார்கள். வசூல் குறைந்தால் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊர். நெருப்புப் பயம் எப்போதும் உண்டு. ஒரு பொறி போதும், மொத்தமும் சாம்பல்.

இந்தக் கொட்டகைக்குள்தான் சுதந்திரப் போராட்டமும் நுழைந்தது. திருமங்கலத்தில் வாழ்ந்த தியாகி விஸ்வநாததாஸ், முருகன் வேஷத்தில் மேடைக்கு வந்து வெள்ளைக்காரனை கொக்காக வைத்துப் பாடுவார். கீழே போலீஸ் காத்திருக்கும். நாடகத்தை தடை செய்ய 1876-லேயே சட்டம் போட்டு வைத்திருந்தது வெள்ளைக்கார சர்க்கார். அவர் பலமுறை ஜெயிலுக்குப் போனார். 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் முருகன் வேஷத்தோடு மேடையிலேயே உயிர் விட்டார். அவருக்கு திருமங்கலத்தில் நினைவு இல்லம் இருக்கிறது.

சினிமா வந்தது, கல் கட்டடம் வந்தது

1931-ல் 'காளிதாஸ்' மூலம் தமிழ் சினிமா பேச ஆரம்பித்தது. நாடக நடிகர்கள் படத்துக்குப் போனார்கள். பின்னாலேயே ரசிகர்களும் போனார்கள். மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற ஸ்டூடியோவே வந்தது.

1937-ல் எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி' சக்கைப்போடு போட்டது. அதை எடுத்த மதுரை ராயல் டாக்கீஸ்காரர்கள், வந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி அதற்கு 'சிந்தாமணி' என்றே பெயர் வைத்தார்கள். ஒரு படத்தின் லாபத்தில் ஒரு தியேட்டர்! நாடகம் இத்தனை வருஷம் ஆடியும் ஒரு செங்கல் கட்டடம் எழுப்ப முடியவில்லை. சினிமா ஒரே படத்தில் எழுப்பிவிட்டது. காரணம் எளிது. நாடகத்தில் ஒரு ராத்திரிக்கு ஒரு ஆட்டம், அத்தனை பேருக்கும் சம்பளம். சினிமாவில் ஒரு பெட்டி, ஒரு ஆபரேட்டர், ஒரே நாளில் பல காட்சி.

அடுத்து வந்தது தங்கம் தியேட்டர். மேல பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952 தீபாவளிக்கு திறந்தார்கள். 2,500-க்கும் மேலே இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயர். முதல் படம் 'பராசக்தி'. இதில் ஒரு வேடிக்கை. பராசக்தி முதலில் பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம். அதில் நடித்த சிவாஜி நாடகத்தில் வளர்ந்தவர். ஆக, நாடகக் கதை, நாடக நடிகர். ஆனால் ஆசியாவின் பெரிய அரங்கு கிடைத்தது சினிமாவுக்கு.

அந்தத் தங்கமும் நிலைக்கவில்லை. 2,500 சீட்டை தினமும் நிரப்ப எந்தப் படத்தால் முடியும்? டி.வி. வந்தது, கேபிள் வந்தது. படம் ஓட்டுவதை நிறுத்தி பல வருஷம் பூட்டிக் கிடந்து, பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. பராசக்தி வசனத்துக்கு கைதட்டிய இடத்தில் இன்று பட்டுச்சேலை விரித்துக் காட்டுகிறார்கள். பெரிய கட்டடத்துக்கு எப்போதும் இந்த ஆபத்து உண்டு. ஒரே ஒரு வேலைக்கு மட்டும் கட்டினால், அந்த வேலை போனதும் கட்டடமும் போய்விடும். மங்கம்மாள் மாளிகை தப்பியதற்குக் காரணம், வருகிறவர்களுக்கு எல்லாம் அது ஏதோ ஒரு விதத்தில் உபயோகப்பட்டதுதான்.

நாடகம் எங்கே போனது?

சினிமா வந்ததோடு நாடகம் செத்துவிட்டது என்று டவுனில் இருப்பவர்கள் சொல்வார்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் போய் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கம்பெனிகள் உடைந்தபோது நடிகர்கள் தனித்தனியாக தொழிலுக்கு வந்தார்கள். அதுதான் 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். எல்லோரும் சந்திப்பதே அன்று ராத்திரி மேடைக்குப் பின்னால்தான். அப்படியும் நாடகம் தடங்கல் இல்லாமல் நடக்கும். எப்படி? எல்லோருக்கும் பாடம் ஒன்று. அது சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாடம். நூறு வருஷம் கழித்தும் இத்தனை பேரை ஒத்திகை இல்லாமல் சேர்த்து வைக்கிறது அவர் எழுத்து.

ராத்திரி 10 மணிக்கு ஆரம்பம். முதலில் ஆர்மோனியம், மிருதங்கம். பிறகு பபூன் வந்து சிரிக்க வைப்பார். டான்ஸ் ஆடும் பெண் வருவார். இருவரும் வாக்குவாதம் பண்ணி ஆடிப்பாடி கூட்டத்தை உட்கார வைப்பார்கள். நடுச்சாமத்துக்கு மேல்தான் கதை சூடு பிடிக்கும். நாரதருக்கும் வள்ளிக்கும், வள்ளிக்கும் முருகனுக்கும் தர்க்கம். யார் பாட்டில் யார் மடக்குகிறார்கள் என்று பெருசுகள் தூங்காமல் கேட்பார்கள். கோழி கூவும் நேரத்துக்கு வள்ளிக்குக் கல்யாணம். கூட்டம் கலைந்து வயலுக்குப் போகும், கலைஞர்கள் முதல் பஸ் ஏறுவார்கள்.

இதற்கு தலைநகரம் மதுரைதான். நாடக நடிகர் சங்கம் இங்கே இருக்கிறது. புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் என்று மற்ற ஊர்களிலும் சங்கங்கள் உண்டு. ஆனாலும் சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர், தேனி எந்தப் பக்கம் போவதற்கும் பஸ் வசதி மதுரையில் இருந்துதான். சாயந்திரம் பெட்டியோடு பஸ் ஏறினால் ராத்திரி மேடை, விடிந்ததும் வீடு. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை சீசன். அந்த ஐந்து மாத வருமானத்தில்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். 2020-லும் 2021-லும் சரியாக அந்த சீசனில்தான் கொரோனா வந்து விழுந்தது. திருவிழா இல்லை, நாடகமும் இல்லை. இரண்டு வருஷ பங்குனி, சித்திரை அப்படியே போனது. வேஷம் கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன கலைஞர்களை மதுரை பார்த்தது.

ஊருக்கு ஒரு நாடக மேடை

டவுன் கட்டிக் கொடுக்காததை கிராமம் கட்டிக் கொடுத்திருக்கிறது. மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குள் பஸ் நுழைந்தாலும் மந்தையில் கோவிலுக்கு எதிரே ஒரு மேடை தெரியும். மூன்று பக்கம் சுவர், மேலே காங்கிரீட் கூரை, முன்பக்கம் திறப்பு. நெற்றியில் 'நாடக மேடை' அல்லது 'கலையரங்கம்' என்ற எழுத்து, கீழே உபயம் என்று பெயர், வருஷம். சில ஊரில் வரி போட்டுக் கட்டியது. சில ஊரில் வெளிநாட்டில் சம்பாதித்தவர் கட்டிக் கொடுத்தது. மிச்சம் எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி. தேர்தல் நெருங்கினால் கலையரங்கம் திறப்பு விழா செய்தி இல்லாத நாளே இருக்காது!

மேடை எப்போதும் சாமியைப் பார்த்தே இருக்கும். ஏனென்றால் நாடகம் முதலில் அம்மனுக்கு, பிறகுதான் நமக்கு. மழை பெய்ய, கண் நோய் தீர, வேண்டுதல் நிறைவேற வைக்கிற நாடகம் அது. தரையில் பாயை விரித்து ஜனங்கள் உட்காருவது அம்மனுக்கும் மேடைக்கும் நடுவில்.

மற்ற நாளில் அந்த மேடை சும்மா கிடக்காது. நெல் காயும், சீட்டாட்டம் நடக்கும், கிராம சபை கூடும், மழைக்கு ஆடு மாடு ஒதுங்கும். அதனால்தான் நிற்கிறது.

10 மணி சிக்கல்

இப்போது வந்திருக்கும் பிரச்சினை கூரை சம்பந்தப்பட்டதுதான். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. மூடிய அரங்குக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி வைத்தால் விலக்கு உண்டு. திருவிழா போன்ற சமயங்களில் 10-ல் இருந்து 12 மணி வரை மாநில அரசு அனுமதி தரலாம். அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது.

நல்ல விதிதான். படிக்கிற பிள்ளை, நோயாளி, பச்சைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மரத்துக்கு மரம் குழாய் கட்டி ஊரையே எழுப்புவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் 10 மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும் நாடகத்தை இந்த விதியோடு எப்படிப் பொருத்துவது? முழு அரங்கு இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தலாம். திறந்த மேடையில் முடியாது. போலீஸ் அனுமதி, நேரக் கட்டுப்பாடு என்று வந்துவிட்டதால், நாடகத்தை முன்கூட்டி ஆரம்பித்து சுருக்கும் பேச்சும் இருக்கிறது. சுருக்கினால் முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். சுவாமிகள் பாட்டு அதிகம் இருப்பதும் அங்கேதான்.

மூன்று கட்டடங்கள் வந்தன

தமுக்கத்துக்கு வருவோம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மைதானத்தின் முகமே மாறிவிட்டது. பழைய கலையரங்கம் போய், சுமார் 47 கோடி ரூபாயில் மாநாட்டு மையம் எழுந்தது. 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். அதே மாதம் புத்தகத் திருவிழா இங்கே நடந்தது. வெயில், மழை பயம் இல்லை, உள்ளே குளுகுளு. மதுரைக்கு இப்படி ஒரு இடம் தேவைதான்.

அடுத்து 2023 ஜூலையில் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கு ஏறுதழுவுதல் அரங்கம். மாநாட்டுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, காளைக்கு ஒன்று. ஒரு காலத்தில் தமுக்கம் திடலில் யானை மோதியதைப் பார்த்த ஊரில் மாட்டுக்குக்கூட தனி அரங்கம் வந்துவிட்டது. இந்த வரிசையில் நாடகத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

டவுனில் ராஜா முத்தையா மன்றம், லட்சுமி சுந்தரம் ஹால் என்று அரங்குகள் இருக்கத்தான் செய்கின்றன. அவை வாடகை கொடுத்து சில மணி நேரத்தில் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டிய இடங்கள். கல்யாணம், கம்பெனி கூட்டம், சபா நிகழ்ச்சிக்கு சரி. ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிக்கும் பபூனுக்கு அங்கே வேலை இல்லை. ஒரு ராத்திரி சம்பளத்தை நம்பி பஸ் ஏறும் கலைஞர்களால் ஹால் பிடித்து டிக்கெட் போட்டு நாடகம் நடத்துவது நடக்கிற காரியமும் இல்லை.

ஒலி உள்ளேயே அடங்கும் அளவுக்கு ஒரு மூடிய அரங்கம், தரையில் பாய் விரித்து உட்கார இடம், வெளியூர் கலைஞர்கள் வேஷம் கலைத்து முதல் பஸ் வரும் வரை படுக்க ஒரு அறை, பெண் கலைஞர்களுக்கு தனி ஒப்பனை அறையும் கழிப்பறையும். நாடகத்துக்கு வேண்டிய கட்டடம் இவ்வளவுதான். பல கோடி கேட்கும் விஷயம் இல்லை.

இந்த வருஷ நாடகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பங்குனி பிறந்ததும் சுவரொட்டிகளைக் கவனித்தால் போதும். கட்டம் கட்டி நடிகர்களின் போட்டோ, கீழே பெயர், என்ன வேஷம், எந்த ஊர், போன் நம்பர் வரை போட்டிருப்பார்கள். டிக்கெட் கிடையாது. பாய் மட்டும் கையோடு கொண்டு போக வேண்டும்.